திட்டக் குறிப்பேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அன்றாட வேலைகளையும் நீண்டகால இலக்குகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதித் திட்டமிடத் தொடங்க விரும்புவோரும், தொடங்கிப் பாதியில் நிறுத்தியவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. பிளானர் என்ற பெயரில் விற்கப்படும் விலையுயர்ந்த புத்தகத்துக்கும், பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடு போட்ட நோட்டுக்கும் இவை ஒன்றுபோலவே பொருந்தும். ஒரே நாளில் இன்னும் அதிக வேலைகளைத் திணிக்க வழி தேடுபவர்களுக்கு இந்தப் பக்கம் அவ்வளவாக உதவாது. இருக்கும் நேரத்தில் எதைச் செய்வது, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவெடுக்கத்தான் குறிப்பேடு பயன்படுகிறது என்ற எண்ணத்தோடு எல்லா விடைகளும் எழுதப்பட்டுள்ளன.

எல்லாவற்றையும் நினைவிலேயே வைத்துக்கொள்ள முடிகிறது. எதற்காக எழுத வேண்டும்?

நினைவில் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் அதற்காக மனம் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. முடிக்காத வேலை ஒன்று, நாம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும்போதும் இடையிடையே வந்து தலைகாட்டும். அமெரிக்க உளவியலாளர்களான மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நிறைவேறாத இலக்குகள் மற்ற வேலைகளின்போது கவனத்தைக் குலைப்பதையும், அந்த இலக்கை எப்படி நிறைவேற்றுவது என்று திட்டவட்டமாக முடிவு செய்தவர்களிடம் அந்தத் தொந்தரவு நீங்கிவிடுவதையும் கண்டார்கள். வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்போகிறோம் என்பது தீர்மானமாகிவிட்டாலே மனம் அதை இறக்கி வைத்துவிடுகிறது.

உறக்கத்துக்கும் இது உதவுகிறது. 2018இல் பேய்லர் பல்கலைக்கழகத்தில் ஸ்கல்லின் குழுவினர் 57 இளம் வயதினரை ஆய்வகத்தில் உறங்கவைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். படுக்கைக்குச் செல்லுமுன் 5 நிமிடம், அடுத்த சில நாட்களில் செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள், ஏற்கெனவே முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். வேலைகளை விரிவாகப் பட்டியலிட்டவர்கள் அவர்களுக்குள்ளேயே இன்னும் விரைவாக உறங்கினார்கள். சிறிய ஆய்வுதான் என்றாலும், படுத்த பிறகு மறுநாள் வேலைகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே புரளும் அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும்.

வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறதே, அது போதாதா?

தினசரி காலண்டர் அன்றைய நாளைப் பற்றிச் சொல்கிறது: திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், பண்டிகை, விடுமுறை. அந்த நாளில் உங்களுக்கு எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது, அதை எதற்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை அதனால் சொல்ல இயலாது. மேலும், அந்தத் தாளில் எதையேனும் குறித்தாலும் மறுநாள் காலையில் அது கிழிந்து போய்விடும். சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர் அப்படியல்ல. பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, பள்ளிக் கட்டணத் தேதி போன்று வீட்டில் எல்லோருக்கும் தெரியவேண்டியவற்றுக்கு அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. அவற்றைத் தனிப்பட்ட குறிப்பேட்டுக்கு மாற்றவேண்டாம்.

ராகு காலம் பார்ப்பவர்கள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வரும் அந்தப் பொழுதை வாரப் பக்கத்தில் முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது. புதிதாக எதையும் தொடங்காத அந்த நேரத்தை, ஏற்கெனவே தொடங்கிய வேலைகளைத் தொடர்வதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

நான் பல ஆண்டுகளாக டைரி எழுதுகிறேன். இதுவும் அதுவும் ஒன்றுதானே?

டைரி நடந்ததைப் பதிவு செய்கிறது. திட்டக் குறிப்பேடு நடக்கவேண்டியதை முடிவு செய்கிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்புகள், கப்பல் வரவையும் வணிகத்தையும் பிரெஞ்சு ஆளுநர்களின் போக்கையும் நமக்குக் காட்டுகின்றன; அது முதல் வகை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. டைரி எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குத் திட்டமிடுதல் விரைவில் கைவரும், ஏனெனில் தங்கள் நாள் உண்மையில் எப்படிக் கழிகிறது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே ஓரளவு தெரியும்.

எந்த வகைக் குறிப்பேட்டை வாங்குவது?

நாளுக்கு ஒரு பக்கம் உள்ளவை, ஒரு வாரம் முழுவதும் விரித்த இரண்டு பக்கங்களில் அடங்குபவை, தேதி அச்சிடாதவை என்று மூன்று வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. என் பரிந்துரை இரண்டாவது வகை. திங்கள்கிழமை செய்ய இயலாததை வியாழக்கிழமைக்கு நகர்த்தும்போது வியாழக்கிழமையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியவேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் அது தெரியாது. மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், தையற்கடை நடத்துபவர்கள் போன்று ஒரே நாளில் பலரைச் சந்திப்பவர்களுக்கு மட்டும் நாளுக்கு ஒரு பக்கம் தேவைப்படலாம். ஜனவரியில் கடைகளும் வங்கிகளும் அன்பளிப்பாகத் தரும் டைரிகள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பயன்படுத்த விரும்பினால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் வரும் வாரத்துக்கான பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டின் நடுவில் தொடங்குபவர்கள் ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பிறக்கிறது.

கைப்பேசியில் எல்லா வசதியும் இருக்கும்போது காகிதம் எதற்கு?

மணியடித்து நினைவூட்ட வேண்டியவற்றைக் கைப்பேசியிடமே விடுங்கள்: மாத்திரை நேரம், ரயில் முன்பதிவு திறக்கும் நேரம், பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஆண்டுதோறும் திரும்பி வரும் தேதிகளுக்கும் கைப்பேசி நாட்காட்டியே பொருத்தமானது. எதைச் செய்வது, எதை விடுவது என்று சிந்தித்து முடிவெடுப்பதற்கு மட்டும் காகிதத்தைப் பரிந்துரைக்கிறேன். கைப்பேசியை அதற்காக எடுக்கும்போது வாட்ஸ்ஆப் செய்திகளும் பிற அறிவிப்புகளும் சேர்ந்தே வருகின்றன. திட்டமிட எடுத்த 10 நிமிடம் அங்கேயே கரைந்துவிடுகிறது. காகிதத்தில் இடம் குறைவு என்பதும் ஒரு நன்மைதான். செயலியில் 80 வேலைகளைச் சேர்த்தாலும் அது ஏற்றுக்கொள்ளும், பக்கம் அப்படி ஏற்றுக்கொள்ளாது.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் வாரத்தில் எந்தத் திட்டமும் எழுத வேண்டாம். நேரம் எப்படிக் கழிகிறது என்பதை மட்டும் அரை மணிக்கு ஒருமுறையோ, முடியாவிட்டால் காலை, மதியம், இரவு என மூன்று வேளையோ குறித்து வாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரடியாகத் திட்டமிடுபவர்கள், தங்களிடம் இல்லாத நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

காலை 8 மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டு இரவு 7 மணிக்குத் திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலைக்கும் பயணத்துக்குமாக 11 மணி நேரம் போகிறது. உறக்கத்துக்கு 7 மணி நேரம். மீதமுள்ள 6 மணி நேரத்தில் குளியல், சமையல், சாப்பாடு, துணி, பாத்திரம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் ஆகியவற்றுக்கு மூன்றரை மணி நேரமாவது தேவைப்படும். ஆக, அவர் கையில் இருப்பது அதிகபட்சம் இரண்டரை மணி நேரம். அதுவும் ஒரே நேரமாகச் சேர்ந்து கிடைக்காமல் காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். அவர் திட்டமிட வேண்டியது இந்த இரண்டரை மணி நேரத்தை மட்டும்தான். இந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்த்தவர்களுக்கு, தங்கள் மேல் இருந்த பல குற்றச்சாட்டுகள் நியாயமற்றவை என்பது தெரியவரும். சோம்பலால் விட்டுப்போனதாக நினைத்திருந்த பல வேலைகளுக்கு நாளில் இடமே இருந்திருக்காது.

ஒரு நாளுக்கு எத்தனை வேலைகளை எழுதலாம்?

வழக்கமான வேலைகளைத் தவிர்த்து மூன்று. அதற்கு மேல் எழுதத் தோன்றினால், அவற்றை வாரப் பக்கத்தின் ஓரத்தில் நாள் குறிப்பிடாமல் வைத்திருங்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் நாம் எல்லோரும் ஒரே திசையில் தவறு செய்கிறோம். 1994இல் உளவியலாளர்களான பூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்களின் கணிப்பு சராசரியாக 34 நாட்கள். உண்மையில் ஆனது ஏறத்தாழ 55 நாட்கள். எல்லாமே தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோதுகூட அவர்கள் சொன்னது 49 நாட்களுக்கும் குறைவுதான். இதே போன்ற வேலை முன்பு எவ்வளவு இழுத்தது என்பதை மறந்துவிட்டு, இம்முறை எல்லாம் சரியாக நடக்கும் என்று மனக்கண்ணில் காண்பதே இதற்குக் காரணம். எனவே எந்த வேலைக்கும் முதலில் தோன்றும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு எழுதிக்கொள்ளுங்கள். அரசு அலுவலகத்துக்குச் செல்லும் வேலை என்றால் அந்த அரை நாளில் வேறு எதையும் வைக்க வேண்டாம்.

எப்போது எழுதுவது நல்லது, காலையிலா இரவிலா?

இரவில் எழுதி, காலையில் ஒருமுறை பார்ப்பது நல்லது. அச்சகம் நடத்திப் பின்னர் அமெரிக்க அரசியல் தலைவராக விளங்கிய பெஞ்சமின் பிராங்க்ளின் தன்வரலாற்றில் தம்முடைய நாள் அட்டவணையைத் தந்திருக்கிறார். காலையில் "இன்று என்ன நன்மை செய்வேன்?" என்றும், மாலையில் "இன்று என்ன நன்மை செய்தேன்?" என்றும் தம்மையே கேட்டுக்கொள்ள அதில் இடம் வைத்திருந்தார். நேரத்தைப் பங்கிடுவதில் இவ்வளவு கவனமாக இருந்த அவரே, தாம் பழக முயன்ற 13 நற்பண்புகளில் ஒழுங்கு என்பதுதான் தமக்கு மிகுந்த தொல்லை கொடுத்தது என்றும் எழுதியிருக்கிறார். அச்சகத்தில் கூலிக்கு வேலை செய்யும் ஊழியனுக்கு அந்த அட்டவணை ஒத்துவரலாம், பலரைச் சந்தித்தாக வேண்டிய உரிமையாளருக்கு ஒத்துவருவது கடினம் என்பது அவர் சொன்ன காரணம். மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் தங்கள் பக்கத்தில் வெற்றிடம் விட்டு வைத்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அரசுத் தேர்வு எழுதுவது போன்ற பெரிய இலக்குகளை எப்படிக் குறிப்பேட்டில் கொண்டுவருவது?

"தேர்வில் வெற்றி பெற வேண்டும்" என்பது விருப்பம். அதை எந்த நாளின் பக்கத்திலும் எழுத முடியாது. டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 4 தேர்வில் 200 கேள்விகள் வருகின்றன. அவற்றில் சரிபாதி, அதாவது 100 கேள்விகள், தமிழ்ப் பகுதியைச் சேர்ந்தவை. எனவே முதல் மூன்று மாதங்களுக்குத் தமிழ் என்று ஒருவர் முடிவெடுத்தால், அடுத்துச் செய்யவேண்டியது பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை எடுத்து, மொத்த இயல்களை எண்ணி, மாதங்களுக்கும் வாரங்களுக்கும் பங்கிடுவதே. மூன்றாவது மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களைத் திருப்புதலுக்கென்று ஒன்றும் எழுதாமல் விடவேண்டும். திருவிழா, காய்ச்சல், உறவினர் திருமணம் ஆகியவற்றால் தள்ளிப்போனவை வந்து சேரவும் அந்த இடமே உதவும்.

பிறகு, வாரத்தின் பங்கை நாளோடு இணைக்கும் வாக்கியத்தை எழுத வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட முறை இது: "இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்" என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே பிணைத்துவிடுவது. "தினமும் படிப்பேன்" என்பதற்குப் பதிலாக, "இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், கூடத்து மேசையில் அமர்ந்து ஒன்பதாம் வகுப்புத் தமிழில் ஓர் இயலின் பயிற்சி வினாக்களை முடிப்பேன்" என்று எழுதுவது. கோல்விட்சரும் ஷீரனும் 2006இல் இத்தகைய 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, இலக்கை எட்டுவதில் இதன் விளைவு நடுத்தரம் முதல் பெரிது வரை இருப்பதாகக் காட்டினார்கள். அந்த நேரம் வந்ததும் "இன்று படிக்கலாமா, வேண்டாமா" என்று மீண்டும் மனத்தோடு வாதாட வேண்டிய தேவை இல்லாமல் போவதே இதன் பயன்.

ஒரே சமயத்தில் இரண்டு பெரிய இலக்குகளுக்கு மேல் வைக்கவேண்டாம். தேர்வுக்குப் படிக்கும் ஆண்டில் உடல் எடையைக் குறைப்பது, புதிய மொழி கற்பது, வீட்டில் சிறுதொழில் தொடங்குவது ஆகிய அனைத்தையும் எழுதியவர், மார்ச் மாதத்தில் குறிப்பேட்டைத் திறக்கவே தயங்குவார்.

வாராந்திர மறுபார்வை கட்டாயமா?

ஆம். வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது. தினமும் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காதவருக்குக் குறிப்பேடு வெறும் ஞாபகச் சீட்டாகத்தான் பயன்படும். வாரத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பவருக்கோ அது தம் வாழ்க்கை போகும் திசையைக் காட்டும்.

ஞாயிறு மாலையில் 20 நிமிடம் போதும். முடிந்த வேலைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், தாண்டக்கூடாது. பிறகு முடியாதவை ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று, ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். நேரம் போதவில்லையா, வேறொருவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறதா, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லையா, அல்லது செய்ய விருப்பமே இல்லையா? நேரம் போதாததை அடுத்த வாரத்துக்கு நகர்த்தலாம். காத்திருப்பதை யாரிடம் எப்போது கேட்பது என்று மாற்றி எழுதலாம். தொடங்கத் தெரியாதது பெரும்பாலும் ஒரே வரியில் எழுதப்பட்ட பல வேலைகளாக இருக்கும். "பட்டா மாற்றம்" என்று எழுதியிருந்தால், "பத்திர நகல் எடுப்பது" என்ற முதல் வேலையை மட்டும் பிரித்து எழுதுங்கள். விருப்பமே இல்லாததை, கடமை இல்லையென்றால், கோடிட்டு அடித்துவிடுங்கள்.

வெற்று நோட்டில் சிறு குறிகளோடு வேலைகளைப் பட்டியலிடும் புல்லட் ஜர்னல் என்ற முறையை 2013இல் வெளியிட்ட ரைடர் கேரல், முடியாத வேலைகளை ஒவ்வொரு மாதமும் கையாலேயே புதிய பக்கத்துக்கு எடுத்தெழுதச் சொல்கிறார். அந்தச் சிரமம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மறுபடியும் எழுதக் கை வராத வேலையைச் செய்ய மனமும் வராது. மூன்று முறை நகர்ந்த வேலையை நான்காவது முறை எடுத்தெழுதாமல், ஒன்று அந்த வாரத்திலேயே செய்வது, இல்லையேல் அடித்துவிடுவது என்ற விதியை நான் வலியுறுத்துவேன். அப்படி அடித்த ஒவ்வொரு வரியும் நீங்கள் தெரிந்து எடுத்த முடிவு, கண்டுகொள்ளாமல் விட்டதாகாது.

நான் இல்லத்தரசி. என் நேரம் என் கையில் இல்லை. நான் எப்படித் திட்டமிடுவது?

இந்தக் கேள்வியைப் பலர் தயக்கத்தோடு கேட்கிறார்கள். தயங்க வேண்டிய அவசியம் இல்லை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைத்தும் "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்று சொல்லவைக்கும் நிலையை முதலில் மாற்ற வேண்டும். எனவே உங்கள் குறிப்பேட்டில் சமையல், துணி, முதியோர் பராமரிப்பு எல்லாவற்றையும் அவற்றுக்கு ஆகும் நேரத்தோடு எழுதுங்கள்.

அடுத்து, அந்தப் பக்கத்தை வீட்டில் மற்றவர்களுக்குக் காட்டுங்கள். குடும்பத்தினரைக் குற்றம் சாட்டவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. யார் என்ன செய்கிறார்கள் என்பது ஒரே தாளில் தெரியும்போதுதான் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பேச்சே தொடங்க முடியும். மாதக் காலண்டரில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதும் வீடுகளில், கணவருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தாங்களாகவே சில வேலைகளை எடுத்துக்கொள்ள வழி பிறக்கிறது. பிறகு உங்களுக்கென்று ஒரு பொழுதை, பிற்பகல் 2 முதல் 3 வரை என்று வையுங்கள், எல்லோருக்கும் தெரியும்படி குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் காபி போட்டுத்தர வேண்டியதில்லை.

ஷிப்டு முறையில் வேலை செய்பவர்கள்?

கடிகார நேரத்தை விட்டுவிட்டு, "ஷிப்டுக்கு முன்", "ஷிப்டுக்குப் பின்", "வார ஓய்வு" என்று பிரித்து எழுதுங்கள். இரவு ஷிப்டு முடிந்த பகலில் உறக்கத்தைத் தவிர எதையும் எழுதக்கூடாது.

ஆண்டு முழுவதற்குமாக எவற்றை முன்கூட்டியே குறித்து வைப்பது?

தவறினால் அபராதமோ அலைச்சலோ தரும் தேதிகளை. தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் அரையாண்டுகளுக்கான சொத்து வரி, பொதுவாக ஜூலை 31இல் முடியும் வருமான வரிக் கணக்குத் தாக்கல், வாகனக் காப்பீடும் புகைச் சான்றும் முடியும் நாட்கள், ஆயுள் காப்பீட்டுத் தவணை ஆகியவை பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். கடவுச்சீட்டு முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பே ஒரு குறிப்பு வையுங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் மாடி வடிகாலையும் ஒழுகும் இடங்களையும் பார்ப்பது, செப்டம்பர் பக்கத்தில் எழுதவேண்டிய வேலை.

இரண்டு வாரம் எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். மறுபடியும் தொடங்கலாமா?

தொடங்கலாம், வெற்றாகக் கிடக்கும் பக்கங்களை நிரப்ப முயலாமல் இன்றைய தேதியிலிருந்து தொடங்குங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. 21 நாட்களில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று கேள்விப்பட்டு, 22ஆம் நாளில் மனம் தளர்ந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒட்டுப்படங்கள், வண்ணப் பேனாக்கள் தேவையா?

அவற்றில் மகிழ்ச்சி கிடைத்தால் பயன்படுத்துங்கள். பக்கத்தை அழகுபடுத்த நேரம் கிடைக்காததால் எழுதாமலே விடும் நிலை வந்தால், ஒரே பேனாவுக்குத் திரும்புங்கள்.

பழைய குறிப்பேடுகளை என்ன செய்வது?

குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருங்கள். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் எவ்வளவு வேலைகள் நின்றுபோயின, வீட்டுக்கு வெள்ளையடிக்க உண்மையில் எத்தனை நாட்கள் ஆயின, பிள்ளைகளின் தேர்வு மாதத்தில் உங்களால் எவ்வளவு செய்ய முடிந்தது ஆகியவற்றுக்குச் சரியான விடை அங்கேதான் கிடைக்கும். அடுத்த ஆண்டின் கணிப்புகளை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தூக்கிப் போடுவதாக இருந்தால், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், பிறருடைய தொலைபேசி எண்கள் உள்ள பக்கங்களைக் கிழித்து அழித்த பிறகே பழைய பேப்பர்க்காரரிடம் போடுங்கள். ஏ.டி.எம். ரகசிய எண்ணையும் கடவுச்சொற்களையும் குறிப்பேட்டில் எழுதவே கூடாது.